ஒன்பதாம் கட்டத்தில் நின்ற சத்தம்

ஆகஸ்ட் 4, இரவு

அக்கா,

நான்கு மாதமாக உன்னோடு பேசவில்லை. இப்போதும் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

இந்த விளையாட்டுப் பள்ளி விடுதியில் கடிதங்களை வார்டனம்மா பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். அதனால் இதை எங்கள் டிராக் சூட்டுகளை வாரம் இரண்டு முறை துவைக்க எடுத்துப்போகும் சலவைக்கார அக்காவிடம் கொடுக்கிறேன். உறையின் பின்பக்கம் அவர் கடை விலாசம் இருக்கிறது. பதில் போட்டால் அங்கேயே போடு. துவைத்த துணிக்குள் மடித்துக் கொண்டுவந்து தருவார். போர்வைக்குள் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். குறை சொல்லாதே.

போன வியாழக்கிழமை எங்களுக்கு உடல்திறன் சோதனை நடந்தது. நீ உன் மருத்துவமனையில் செய்கிற மாதிரி முகமூடியும் சைக்கிளும் இல்லை. இருபது மீட்டருக்கு இரண்டு கோடு. ஒலிபெருக்கி 'பீப்' என்றால் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் பீப் நெருங்கிக்கொண்டே வரும். எட்ட முடியாதவர்கள் வெளியே. நெஞ்சில் ஒரு பெல்ட், அதில் நாடித்துடிப்பைக் கணக்கெடுக்கும் ஒரு வில்லை. நான் ஒன்பதாம் கட்டம் வரை ஓடினேன். பெண்களில் நான்தான் முதல். ஒன்பதில் ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் நின்றுபோனது, அதில் தடுமாறிவிட்டேன். இல்லாவிட்டால் பத்து.

நடுநடுவே படம் போட்ட அட்டையைக் காட்டுவார்கள். ஒரு பையன் மலை ஏறுகிற பத்துப் படங்கள். முதல் படத்தில் சிரிப்பான், பத்தாவதில் தரையில் கிடப்பான். நமக்கு எப்படி இருக்கிறதோ அந்தப் படத்தைத் தொட வேண்டும். சோதனைக்கு முன்பே எங்கள் ஓட்டப் பயிற்சி மாஸ்டர் சொல்லிவிட்டார்: "அஞ்சுக்கு மேல எவ கை போகுதோ, அவ மூட்டைய கட்டிக்கலாம்." மற்ற எல்லோரும் நான்கைத் தொட்டார்கள். நான் மூன்றைத் தொட்டேன்.

28-ஆம் தேதி பெரிய போட்டி. அதற்குத் தேர்ந்தெடுத்த எட்டுப் பேரில் நான் இருக்கிறேன். ஆனால் என் நாடித்துடிப்புத் தாளில் ஏதோ சிவப்புக் கோடு வந்திருக்கிறதாம். "பெல்ட் லூசு, வேற ஒண்ணுமில்ல. வீட்டுல ஒரு கையெழுத்து வாங்கிட்டா போதும்" என்றார் மாஸ்டர். பாதுகாவலர் என்று உன் பெயர்தான் இருக்கிறது. தாள் உனக்கு வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பு. அவ்வளவுதான்.

உன் வேலையிடத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஏமாற்றிக் கூட்டிப்போய் அந்தச் சைக்கிளில் என்னை உட்காரவைத்தாயே, நான் முகமூடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நான்கு மாடி இறங்கி ஓடினேனே, அந்த நாளை இதில் கொண்டுவராதே. உனக்கு யாரைப் பார்த்தாலும் நோயாளியாகத்தான் தெரியும்.

உன் தங்கை


ஆகஸ்ட் 8

வாலு,

உன் கடிதமும் அந்தத் தாளும் ஒரே நாளில் வந்தன. முதலில் உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு தாளைப் பிரித்தேன்.

உன் நாடித்துடிப்பு நூற்று எண்பத்தெட்டு, நூற்றுத் தொண்ணூற்றொன்று, நூற்றுத் தொண்ணூற்று நாலு என்று ஒழுங்காக ஏறுகிறது. உன் வயதுக்கு அப்படித்தான் ஏற வேண்டும். பிறகு திடீரென்று இருநூற்று ஐம்பது. அடுத்தது அறுபத்து நாலு. மறுபடி இருநூற்று நாற்பது. அப்புறம் ஆறு வினாடிக்கு ஒன்றுமே இல்லை, வெள்ளைத் தாள். அதன்பின் நூற்றுத் தொண்ணூறு.

பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினேன். உங்கள் மாஸ்டர், "பெல்ட்டும்மா, பசங்க வேர்வைல நழுவும், வாரத்துக்கு ரெண்டு தடவ பாக்குறேன்" என்றார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். பெல்ட் நழுவினாலும் இப்படி வரும். பெல்ட்டை வைத்து யாரும் நோயைச் சொல்ல முடியாது, சந்தேகப்படத்தான் முடியும். பத்து ஒயர் ஒட்டி, மூச்சை அளந்து, பக்கத்தில் டாக்டரை வைத்துக்கொண்டு சைக்கிள் மிதிக்கச் சொன்னால்தான் தெரியும். அதைத்தான் அன்றைக்குச் செய்ய நினைத்தேன். ஏமாற்றிக் கூட்டிப்போனது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டிருந்தால் நீ வந்திருப்பாயா?

அப்பா ஓடும் பேருந்தைப் பிடிக்க ஓடினார். ஒரு கால் படியில் இருந்தது, அப்படியே இதயம் நின்றுவிட்டது. முப்பத்தாறு வயது. அப்போது உனக்கு ஐந்து. உனக்கு அது கதை. நான் அவர் கூடவே ஓடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்த வேலைக்கே வந்தேன். பிள்ளைகளை மிதிக்கவைத்துவிட்டு நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து அங்கே என்னைக் கேலி செய்வார்கள், "கண்ண சிமிட்டுங்க, காஞ்சிடப் போகுது" என்று.

இதற்கு நேர்மையாகப் பதில் எழுது. ஒன்பதாம் கட்டத்தில் உனக்குக் கண் இருட்டியதா? நெஞ்சு படபடத்ததா? பெல்ட் நழுவியது உனக்குத் தெரிந்ததா? ஒலிபெருக்கி நின்றது என்று எழுதியிருக்கிறாயே, எவ்வளவு நேரம் நின்றது?

பதில் வரும்வரை ஓடாதே. மாடிப்படிகூட மெதுவாக ஏறு. அம்மாவிடம் சொல்லவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 11, இரவு

அக்கா,

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். முதலில் கோபம் வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது பயந்துவிட்டேன். நீ நினைக்கிற காரணத்தால் இல்லை.

அந்தத் தாள் என்னுடையது இல்லை.

இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். என் பக்கத்துக் கட்டில்காரியை நெட்டை என்போம். என்னைவிட ஒரு சாண் உயரம். காலையில் கண் விழித்ததும் எல்லோரும் நாடி எண்ணிக் கரும்பலகையில் எழுத வேண்டும். எனக்கு எப்போதும் ஐம்பதைத் தாண்டாது. அதனால் மாஸ்டர் எனக்கு ஆமை என்று பெயர் வைத்தார். இங்கே வேகமாக ஓடுகிறவள் பெயர் ஆமை, பார்த்துக்கொள். நெட்டைக்குத் தொண்ணூறு வரும். ஜூனில் ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்தாள். நான்தான் தண்ணீர் தெளித்து எழுப்பினேன். வெளியே சொல்லவில்லை. சோதனையில் துடிப்பு மோசமாக வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தினமும் அழுதாள்.

நான்தான் யோசனை சொன்னேன். பெல்ட்டில் சொருகும் வில்லைக்கு நம்பர் உண்டு. எனக்குப் பதினேழு, அவளுக்குப் பதினெட்டு. நம்பர் உள்பக்கம் இருக்கும், மாட்டிக்கொண்டால் வெளியே தெரியாது. இரண்டையும் மாற்றிவிட்டால் என் துடிப்பு அவள் பெயரில் போகும். எனக்கு ஓட்டமே போதும், துடிப்பு கொஞ்சம் மோசமாக இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். அன்றிரவு அவள்தான் இருட்டில் எழுந்து மாற்றினாள். கொக்கியில் பெல்ட் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "மாத்திட்டேன்டி ஆமை, தூங்கு" என்றாள்.

ஆகவே அந்த வெள்ளைத்தாள் அவளுடையது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒலிபெருக்கி நின்றது நான்கைந்து வினாடிதான். மைக் செட் பழசு.

நீ கையெழுத்துப் போடலாம்.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இப்போது அவள் பக்கத்தில் தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று எண்ணிக்கொண்டே இருக்கிறேன். அவளும் எட்டுப் பேரில் ஒருத்தி. நாளைக்குக் காலையில் மேட்டில் ஏறி ஓடும் பயிற்சி. நான் சொன்னால் இரண்டு பேரையும் வெளியே தள்ளுவார்கள். சொல்லாவிட்டால்?

உன் தங்கை


ஆகஸ்ட் 14

வாலு,

உன் கடிதம் வந்தபோது ஆய்வகத்தில் ஒரு சிறுவன் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது, நிம்மதியில். யாரோ பெற்ற பிள்ளைக்கு இப்படி என்று தெரிந்து நான் நிம்மதிப்பட்டேன். எப்படிப்பட்ட மனுஷி நான் என்று பிறகுதான் உறைத்தது.

இது கிடைத்ததும் மாஸ்டரிடம் சொல். அவர் கத்துவார், கத்தட்டும். கத்துவதால் யாரும் செத்துப்போவதில்லை. நெட்டை உன்னோடு வாழ்நாள் முழுக்கப் பேசாமல் போனாலும் பரவாயில்லை, அப்படிப் பேசாமலிருக்க அவள் உயிரோடு இருக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் நீ சொல்லாவிட்டால் நானே தொலைபேசியில் சொல்லிவிடுவேன். அவள் வீட்டாரிடம் என் மருத்துவமனைப் பெயரைக் கொடு. நானே சோதனை செய்கிறேன்.

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 'பெல்ட் மாறியதால் வந்த பிழை' என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 18, இரவு

அக்கா,

சொல்லிவிட்டேன்.

மாஸ்டர் அறையில் கோப்பைகள் வைத்த அலமாரி இருக்கிறது. அதன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அவரைப் பார்த்தால் வாய் வராது. அவர் கத்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நெட்டையைக் கூப்பிட்டார்.

"இவ சொல்றது நிஜமா? வில்லைய மாத்தினீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யோசிச்சு சொல்லு. மாத்தியிருந்தா நீ வீட்டுக்குப் போற. மாத்தலன்னா இவ போறா."

"மாத்தினோம் சார்" என்றாள். அழவில்லை. தினமும் அழுகிறவள், அன்றைக்கு ஒரு சொட்டு விடவில்லை.

மறுநாளே அவள் மாமா வந்தார். எனக்கு ஒரு வாரம் மைதானத்தைக் கூட்டுகிற தண்டனை, அவ்வளவுதான். "ஓட்டம் ஓட்டம்தான், அத வில்லை மாத்தி ஓட முடியாது" என்று மாஸ்டர் என்னைக் குழுவில் வைத்துக்கொண்டார். உன் கையெழுத்தும் வந்து சேர்ந்திருந்தது.

வாசலில் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது நெட்டை என் பக்கத்தில் வந்தாள். "ஆமை, ஒண்ணு சொல்லணும்டி" என்றாள். அதற்குள் வார்டனம்மா, "போட்டுக் குடுத்தவகூட என்ன கொஞ்சல் வேண்டிக் கிடக்கு, ஏறு" என்று அவளை இழுத்துப்போனார். திட்டத்தான் வந்திருப்பாள். திட்டட்டும்.

இப்போது அறையில் யாரும் என்னோடு பேசுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனால் மேஜையில் இடம் இருந்தும் நகர மாட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். இருட்டில் பார்த்தால் யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

அவளுக்கு எப்போது சோதனை? ஒன்றும் ஆகாதே?

உன் தங்கை


ஆகஸ்ட் 22

வாலு,

நெட்டையின் மாமா பேசினார். 27-ஆம் தேதி காலை அவளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அதுவரை ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நீ செய்தது பெரிய காரியம். மற்ற பிள்ளைகள் பேசாவிட்டால் போகட்டும்.

28-ஆம் தேதி அம்மா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வானொலிப் பக்கத்திலேயே உட்காரப்போகிறாளாம், உன் போட்டியை எந்த வானொலியில் சொல்லப்போகிறார்கள் என்று தெரியவில்லை.

இதை உனக்கு இதுவரை நான் சொன்னதே இல்லை. நன்றாக ஓடு.

அக்கா


ஆகஸ்ட் 27, இரவு, பேருந்தில்

வாலு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. உன் கையிலேயே கொடுக்கப்போகிறேன். உன்னைப் பார்த்தால் நான் கத்துவேன், நீ பதிலுக்குக் கத்துவாய், சொல்ல வேண்டியது நின்றுபோகும். அதனால் எழுதிக்கொண்டு வருகிறேன்.

இன்று காலை நெட்டை சைக்கிள் மிதித்தாள். கடைசிவரை மிதித்தாள். படம் போட்ட அட்டையில் அவள் நேர்மையாகப் பத்தைத் தொட்டாள். திரையில் ஒரு துடிப்புகூடத் தப்பவில்லை. இறங்கிய பின்னும் அரைமணி நேரம் பார்த்தோம். டாக்டர் என்னிடம், "இதயம் குதிரை மாதிரி இருக்கு. சாப்பிடாமக் கொள்ளாமக் கிடந்திருக்கா, ரத்தம் கம்மி, அதான் மயக்கம்" என்றார். எடை கூடிவிடும் என்று தட்டில் பாதியை வைத்துவிடுவாளாமே, உனக்குத் தெரியுமா?

நான் உங்கள் பள்ளித் தாளை அவள் முன்னால் விரித்தேன். "அப்ப இது எப்படிம்மா வந்தது?" என்றேன்.

அவள் அந்த வெள்ளையைப் பார்த்தாள். "இது யாரோடதுக்கா?" என்றாள்.

"பதினேழாம் நம்பர். நீ மாட்டிக்கிட்டது."

அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

வாலு, அவள் மாற்றினாள். பிறகு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து, இரண்டு வில்லையையும் பழையபடி மாற்றி வைத்துவிட்டாள். "அவ துடிப்ப என்னோடதுன்னு காட்ட ஒரு மாதிரி இருந்துச்சுக்கா. அவகிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு." மாஸ்டர் கேட்டபோது ஏன் பொய் சொன்னாய் என்றேன். "மாத்தலன்னா அவளத்தான அனுப்புவாங்க. அவ இல்லாம எதுக்கு அந்த டீமு? நான் போயிட்டா அவ ஓடுவா." உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறாள். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு நான் ஒலிபெருக்கியைப் பற்றிக் கேட்டேன். அவள் உனக்கு அடுத்த தடத்தில் ஓடினாள். அது நிற்கவே இல்லையாம். "ஆமைதான் சும்மா நின்னா. கண்ணு தொறந்திருந்துச்சு. கூப்பிட்டேன், திரும்பல. அப்புறம் ஓடினா."

நான் அதை உன்னிடம் கேட்டேன். மைக் செட் பழசு என்று எழுதினாய். தினமும் பிள்ளைகளின் இதயத்தைப் பார்க்கிறவள் நான், அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டேன். உன்னுடையது இல்லை என்று நீ எழுதியதும் வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கையெழுத்துப் போட்டது நான். பிழை என்று எழுதியதும் நான்.

பள்ளிக்கு எட்டு முறை கூப்பிட்டேன். காவலாளி மட்டும் எடுத்தான். "எல்லாரும் போட்டிக்குக் கெளம்பியாச்சும்மா, மாஸ்டர் போன் அணைச்சு வெச்சிருப்பாரு, போட்டிக்கு முந்தி அவர் பேச மாட்டாரு." போட்டி நடத்துகிறவர்கள் அலுவலகத்தில் ஆளே எடுக்கவில்லை. நீங்கள் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் கிடைத்த பேருந்தில் ஏறிவிட்டேன்.

நாளைக் காலை ஏழு மணிக்குப் போய்ச் சேரும் என்றார் நடத்துநர். உன் ஓட்டம் ஏழரைக்கு. சற்றுமுன் ஒரு சக்கரம் பஞ்சராகி எல்லோரும் இறங்கி நின்றோம். இப்போது ஏழேகால் என்கிறார்.

ஓடாதே. நான் வரும்வரை எந்தக் கோட்டிலும் நிற்காதே. ஷூ கயிறு அறுந்துவிட்டது என்று சொல். வயிற்று வலி என்று சொல். என்ன பொய் வேண்டுமானாலும் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 27, இரவு

அக்கா,

போட்டி ஊருக்கு வந்துவிட்டோம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம். கரும்பலகையில் யாரோ போட்ட கணக்கு பாதியில் நிற்கிறது. சலவைக்கார அக்கா இங்கே இல்லை, இதைத் திரும்பிப் போய்த்தான் கொடுக்க வேண்டும். உனக்குக் கிடைக்கும்போது ஓட்டம் முடிந்திருக்கும்.

இன்று நெட்டைக்குச் சோதனை. என்ன ஆயிற்றோ என்று காலையிலிருந்து அதே நினைப்பு.

சாயந்திரம் மைதானத்தைப் பழகிக்கொள்ளச் சும்மா ஒரு சுற்று ஓடினோம். திறந்தவெளி. மாஸ்டர் விசில் மட்டும் வைத்திருந்தார். கடைசி நூறு மீட்டரில் வேகம் எடுக்கச் சொல்லி ஊதினார், எடுத்தேன். அப்போது சத்தம் நின்றுவிட்டது. விசில், காலடி, காக்கை, எல்லாம். பிறகு வானம் தெரிந்தது. நான் புல்லில் மல்லாந்து கிடந்தேன்.

"என்ன ஆமை, தடத்த விட்டுட்டு நீச்சலடிக்கிறியா?" என்று மாஸ்டர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பத்து நாளுக்குப் பிறகு அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதால் நானும் சிரித்தேன். "கால் தட்டிடுச்சு சார்" என்றேன். கால் எதிலும் தட்டவில்லை.

அங்கே ஒலிபெருக்கியே இல்லை அக்கா.

அப்போதிலிருந்து ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். வில்லையை நெட்டைதான் மாற்றினாள். கொக்கியில் பெல்ட் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது, சரி. ஆனால் அன்றிரவு அந்தச் சத்தம் இரண்டு தடவை கேட்ட மாதிரி இருக்கிறது. இரண்டாம் தடவை கனவு என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். காலையில் நம்பரைத் திருப்பிப் பார்க்கவில்லை. வாசலில் அவள் ஒன்று சொல்ல வந்தாளே, அது திட்டுவதற்குத்தானா?

மாஸ்டர் அறையில் விளக்கு எரிகிறது. எழுந்து போய்ச் சொல்லலாம். ஆனால் ஏற்கெனவே ஒருத்தியை அனுப்பிவைத்தவள் நான். இப்போது போய், அவள் இல்லை, நானாக இருக்கலாம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நெட்டையை வெளியேற்றிவிட்டு ஓடவும் மாட்டேன் என்றால் அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?

நாளைக்கு ஒரு ஓட்டம்தான். ஏழரைக்கு ஆரம்பித்தால் எட்டுக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் உன்னிடம் வருகிறேன். நீ கூப்பிடவே வேண்டாம், நானாக அந்தச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து முகமூடியை மாட்டிக்கொள்கிறேன். நீ கண் சிமிட்டாமல் பார்.

இன்றைக்கு யாரும் அட்டையைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் பத்தாவது படத்தைத் தொட்டிருப்பேன்.

உன் தங்கை